ரிப்போர்ட்டில் 14 இடத்தில் சிவப்பு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஹார்பரில் ட்ரெய்லர் ஓட்டுகிறார். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. காலேஜ் படிக்கிற என் மகள்தான் போனில் பார்த்து 1,499 ரூபாய்க்கு ஃபுல் பாடி செக்கப் புக் பண்ணினாள். மொத்தம் 78 டெஸ்ட். காலை ஆறரைக்கு வருகிறேன் என்ற லேப் பையன் ஒன்பதரைக்குத்தான் வந்தான். அதற்குள் தலை சுற்றுகிறதே என்று ஒரு டீ குடித்துவிட்டேன். அன்று பீரியட்ஸ் இரண்டாவது நாள். பரவாயில்லையா என்று கேட்டேன், பரவாயில்லை என்றான். ரிப்போர்ட் 19 பக்கம் வந்தது. 14 இடத்தில் சிவப்பு. மகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சி.ஏ.125 என்று ஒன்று 43 இருக்கிறது, அது கேன்சர் டெஸ்ட் என்கிறாள். ப்ரோலாக்டின் ஏறினால் மூளையில் கட்டி என்று போட்டிருக்கிறதாம். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் எல்லாமே தப்பாக இருக்கிறது. இதற்கு நடுவில் லேபிலிருந்து போன் பண்ணி, 2,499 ரூபாய்க்கு ஹார்மோன் பேக்கேஜ் எடுத்தால் முழுசாகத் தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கட்டுமா? இத்தனை வியாதி எனக்கு எப்படி வந்தது?"

கடிதத்தின் பின்பக்கத்தில், போகிற போக்கில் இன்னும் மூன்று விஷயம் எழுதியிருக்கிறார். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பு நல்ல காய்ச்சல் வந்து போயிருக்கிறது. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் மெடிக்கலில் வாங்கிய 'கேஸ் மாத்திரை' ஒன்று போடுகிறார். மாதவிலக்கு ஏழு நாள் போகும், முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டும், கட்டி கட்டியாகப் போகும், "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான், அதனால் கண்டுக்கறதில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு 14 வியாதி இல்லை. அவள் போட்டோ எடுத்து அனுப்பிய 19 பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். அதில் சந்தேகமே இல்லாமல் இருப்பது ஒரே ஒரு கோளாறு. இன்னொரு தரம் பார்த்துத் தெளிய வேண்டியவை மூன்று நான்கு. மற்றவை அன்றைய நாளின் கோலம், அல்லது உங்கள் கையிலிருந்து லேபுக்குப் போன வழியில் நடந்த கோளாறு. உண்மையைச் சொன்னால், அந்த 19 பக்கத்தைவிடக் கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிய நாலு வரிதான் எனக்கு அதிகம் சொன்னது.

தூக்கத்தைக் கெடுத்திருக்கும் சி.ஏ.125 முதலில். இது ஒரு புரதம். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க நன்றாக உதவும். ஆனால் அதைச் சுரப்பது புற்றுநோய் மட்டும் இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவரும், வயிற்றுக்குள் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வும்கூடச் சுரக்கும். அந்தப் பக்கம் எது கொஞ்சம் உறுத்தினாலும் இந்த எண் ஏறும். மாதவிலக்கு, ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி, கர்ப்பப்பையின் உள்சுவர் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பம், கல்லீரல் நோய், எல்லாமே ஏற்றும். 35 வரை சரி என்று போட்டிருக்கிற டெஸ்டில், அதுவும் பீரியட்ஸ் இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில், 43 வந்ததைப் பார்த்து நான் பதறவில்லை. பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் இந்த டெஸ்ட் எடுத்துப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. டெஸ்ட் எடுத்தவர்களிடம் சினைப்பைப் புற்றுநோய் சாவு குறையவில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இதைச் சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவே காரணம். செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மறைக்கவில்லை.

அதற்காக மூட்டை கட்டி வைத்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் விடாத வயிற்று உப்பசம், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது, இவை இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் உங்களுக்கு அடிவயிற்று ஸ்கேன் ஒன்று அவசியம். அதற்குக் காரணம் இந்த 43 இல்லை. நீங்கள் கண்டுகொள்ளாத அந்த உதிரப்போக்கு.

அதற்குப் போவதற்கு முன்னால், இந்தச் சிவப்பு மை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டெஸ்டுக்கு, ஆரோக்கியமாக இருக்கிற ஒரு கூட்டத்தை அளந்து, நடுவில் நிற்கும் 95 சதவீதம் பேரின் எண்களை 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்கள். மேலே இரண்டரை, கீழே இரண்டரை என்று மிச்சம் 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். அவர்கள் எண்கள் சிவப்பில் விழும். ஆக 78 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்குக்கூட மூன்று நான்கு சிவப்பு விழுவது கணக்கு. கொலஸ்ட்ரால், சர்க்கரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் கோடு வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். எந்த அளவுக்கு மேல் போனால் பின்னால் நோய் வருகிறது என்று பார்த்துக் கிழித்த கோடு அது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், தாண்டினால் சிவப்பு அடித்துவிடும். ஒரு புள்ளி தாண்டியதும் ஒன்பது புள்ளி தாண்டியதும் அதற்கு ஒரே நிறம்.

சரி, உங்களுக்கு இருக்கும் கோளாறு என்ன? இரும்புச் சத்து இல்லை. 'குறைவு' என்றுகூடச் சொல்ல மாட்டேன், காலி. ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அடுத்து எம்.சி.வி. என்று ஒரு வரி, 70. சிவப்பணு ஒன்றின் பருமன் அது. 80லிருந்து 100 வரை இருக்க வேண்டும். மாவு பத்தாமல் போனால் இட்லியைச் சின்னதாக ஊற்றுவோமே, அப்படி இரும்பு பத்தாமல் அணுக்கள் சின்னச் சின்னதாக வந்திருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. 18.4 என்றால் பெரிதும் சின்னதுமாகக் கலந்திருக்கிறது என்று பொருள். ஃபெர்ரிடின் 6. இது உடம்பின் சேமிப்புக் கணக்கு. 15க்குக் கீழே போனால் கையிருப்பு இல்லை. காய்ச்சல், வீக்கம் இருந்தால் ஃபெர்ரிடின் பொய்யாக ஏறும். உங்களுக்குக் காய்ச்சல் வந்து மூன்றே வாரத்தில் எடுத்தும் 6 என்றால் வேறு பேச்சே இல்லை. பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருந்தாலும் அணுக்கள் சின்னதாக இருக்கும். ஆனால் அதில் அணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்கும், சேமிப்பும் இப்படித் துடைத்துவிட்டது போல் இருக்காது. உங்கள் எண்ணிக்கை 4.2 தான்.

இந்த நாலு சிவப்பும் ஒரே கதை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். 42 என்கிற ஐந்தாவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ரத்தசோகையிலும் காய்ச்சலுக்குப் பின்னும் அது ஏறும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இதனால்தான். முடி கொட்டுவதில் பெரும் பங்கும் இதற்குத்தான் இருக்கும், காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதும் சகஜம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அது வியாதி மாதிரி தெரியாமல் போய்விட்டது. "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று நீங்களும் எழுதுகிறீர்கள்.

இரும்பு எங்கே போயிற்று என்று தேடவே வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாக, ஏழு நாள். இது அதிகம், சகோதரி. 41 வயதில் இதற்கு நார்க்கட்டி இருக்கலாம், கர்ப்பப்பைச் சுவர் தடித்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், தைராய்டு காரணமாக இருக்கலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையிலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, மகளிர் பிரிவில் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் முதல் இரண்டு பக்கமும், மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியதும் போதும். 19 பக்கத்தையும் நீட்டினால் எந்த டாக்டருக்கும் கண்ணைக் கட்டும். கடைக்கு ஒரு நாள் லீவு போக வேண்டும், தெரியும். 78 டெஸ்டை ஒருமுறைகூட விசாரிக்காமல் செய்ததைவிட இந்த ஒரு நாளில் உங்களுக்கு அதிகம் கிடைக்கும்.

மாத்திரையின் பெயர், அளவு எதையும் நான் கடிதத்தில் எழுதுவதில்லை, அது பரிசோதித்த டாக்டர் சொல்ல வேண்டியது. இரும்பு மாத்திரை சாப்பிடும் விதம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதோடும் சேரக் கூடாது. முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஜவுளிக் கடையில் மணிக்கொரு டீ வரும், நானும் புடவை எடுக்க வந்து குடித்திருக்கிறேன். அந்த டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் நன்றாக ஏறும். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிச் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு இழுத்துக்கொள்வது கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பாருங்கள், ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். 12 வந்ததும் மாத்திரையைத் தூக்கிப் போடாமல், சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் போல் தொடர வேண்டும். சுவரொட்டி, ஈரல், முருங்கைக்கீரை எல்லாம் நல்லது, சாப்பிடுங்கள். பீட்ரூட் ஜூஸ் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சிரித்துக்கொண்டே குடியுங்கள், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

இப்போது அந்த கேஸ் மாத்திரைக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பின்னால் படியுங்கள். 'பான்டோப்ரசோல்' என்று இருக்கும், வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்து அது. அதோடு 'டோம்பெரிடோன்' என்றும் இருக்கிறதா? நம் ஊர் மெடிக்கல்களில் கேஸ் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் இந்த ஜோடியைத்தான் கிழித்துக் கொடுக்கிறார்கள். டோம்பெரிடோன் வாந்தியை அடக்கும் மருந்து. அது பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். நன்றாகவே ஏற்றும். உங்கள் ப்ரோலாக்டின் 46, லேப் போட்டிருக்கும் மேல் எல்லை 25. மூளைக்கு அடியில் பிட்யூட்டரியில் வரும் கட்டியும் ப்ரோலாக்டினை ஏற்றும் என்பது நிஜம். மகள் படித்தது பொய்யில்லை. ஆனால் தலைக்கு ஸ்கேன் எழுதுவதற்கு முன்னால் நாங்கள் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கர்ப்பமா? தைராய்டு எப்படி? ஊசி குத்தும்போது பயந்தீர்களா? தூங்கி எழுந்த கையோடு எடுத்தார்களா? பதற்றத்துக்கே ஏறுகிற ஹார்மோன் அது. மூன்று மணி நேரம் காத்திருந்து, கடைக்கு நேரமாகிறதே என்ற தவிப்போடு கையை நீட்டியிருக்கிறீர்கள். டோம்பெரிடோன் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அதை மட்டும் நிறுத்தி, மூன்று நான்கு நாள் கழித்து, எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடி எடுங்கள். அப்போதும் ஏறியிருந்தால், அல்லது மார்பில் பால் கசிவு, விடாத தலைவலி, பார்வை மங்கல் இருந்தால், ஸ்கேனைப் பற்றிப் பேசலாம்.

அதே மாத்திரையின் இன்னொரு பாதிக்கும் உங்கள் ரிப்போர்ட்டில் கை உண்டு என்று நினைக்கிறேன். வைட்டமின் பி12 உங்களுக்கு 178, 200க்கு மேல் இருக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது குறைவது சகஜம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். நீங்கள் காசிமேட்டு மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள், சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பின் ஏன் குறைந்தது? மீனிலும் முட்டையிலும் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். மூன்று வருஷமாக அமிலத்தை அணைத்து வைத்திருக்கிறீர்கள். இரும்பு ஏறுவதற்கும் அமிலம் உதவும், அதற்கும் தடை. பி12 குறைந்து பாதம் மரத்துப்போவது, எரிவது இருந்தால் ஊசி போட வேண்டி வரலாம். இல்லையென்றால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோலை மட்டும் நாளையிலிருந்தே சட்டென்று விட்டுவிடாதீர்கள். பல நாள் அடக்கி வைத்த அமிலம் திமிறிக்கொண்டு வரும், ஒரு வாரம் நெஞ்செரிச்சலில் தவித்துவிட்டு மறுபடி மெடிக்கலுக்கு ஓடுவீர்கள். மெதுவாகக் குறைக்க வழி உண்டு, கேட்டுச் செய்யுங்கள். மூன்று வருஷமாக எரிகிற வயிறு ஏன் எரிகிறது என்றும் யாராவது பார்த்தாக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை முடிந்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுப்பதில் பாதிக் காரணம் இருக்கலாம்.

தைராய்டு. டி.எஸ்.எச். 6.2, சுரப்பி சுரக்கும் டி4 ஹார்மோன் சரியாக இருக்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் அதட்டல். சுரப்பி கொஞ்சம் அசந்தால் அதட்டல் கூடும். உங்கள் சுரப்பி இன்னும் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பெரிய காய்ச்சலிலிருந்து தேறும்போது டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். ஆகவே இந்த ஒரே எண்ணை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பிப்பது அவசரம். இரண்டு மாதம் கழித்து, அதே லேபில், காலையில், ஃப்ரீ டி4, தைராய்டை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 10க்கு மேல் போனால் பொதுவாக மாத்திரை தேவைப்படும். 10க்குள் இருந்தால் உங்கள் தொந்தரவுகளைப் பார்த்து முடிவு செய்யலாம். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு சின்ன விஷயம்: முடிக்காகப் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போட்டால் டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில லேப் மெஷின்களை அது குழப்பி, டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டிவிடும்.

சர்க்கரை விஷயம் கொஞ்சம் வேடிக்கை. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற எச்.பி.ஏ.1.சி. 6.1 வந்திருக்கிறது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. ஆனால் இந்த டெஸ்ட் சர்க்கரையை நேராக அளப்பதில்லை. சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. இரும்புக் குறைபாட்டில் சர்க்கரை கூடாமலே இந்த எண் கொஞ்சம் ஏறிவிடும். அப்படியென்றால் அதே ரிப்போர்ட்டில் ஃபாஸ்டிங் 94 என்று பச்சையில் இருக்கிறதே, அதை நம்பலாமா? நீங்கள் டீ குடித்துவிட்டீர்கள், அது ஃபாஸ்டிங்கே இல்லை. இன்னொரு பக்கம், ரத்தம் பாட்டிலில் காத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அணுக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி போட்ட தனிக் குழாயில் எடுப்பார்கள். உங்களுக்கு எந்த மூடியில் எடுத்தான் என்று யாருக்குத் தெரியும்? ஆக 6.1யும் நம்ப முடியவில்லை, 94யும் நம்ப முடியவில்லை. பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ஒன்றும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றும் எடுத்துவிடுங்கள். ரத்தசோகை தீர்ந்து சில மாதம் போனபின் எச்.பி.ஏ.1.சி.யைப் பார்த்துக்கொள்ளலாம்.

பொட்டாசியம் 5.7. இதை மட்டும் இந்த வாரமே மறுபடி எடுங்கள், ஏனென்றால் நிஜமாகவே அவ்வளவு இருந்தால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். நிஜமாக இருக்காது என்றே நினைக்கிறேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பி.பி. மாத்திரையும் நீங்கள் சாப்பிடவில்லை. அதைவிட, அந்தப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் 'சாம்பிள் ஹீமோலைஸ்டு' என்று போட்டிருக்கிறார்கள். அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் கொட்டி வெளியே வந்துவிட்டது. சிரமப்பட்டு இழுத்து எடுத்த ரத்தம், வெயிலில் பைக்கில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் ஓட்டும் ட்ரெய்லர்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போயிருந்தால் வேறென்ன ஆகும். இப்படிப்பட்ட சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

வைட்டமின் டி 14. பகல் பதினோரு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை டியூப் லைட் அடியில் நிற்கிற ஒருவருக்கு வேறு எவ்வளவு இருக்கும்? 20க்குக் கீழே என்பதால் சரிசெய்யலாம். ஆனால் மூச்சு வாங்குவதற்கும் முடி கொட்டுவதற்கும் இதைப் பழி சொல்ல வேண்டாம். ஆரோக்கியமான எல்லோருக்கும் இதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே 2024இல் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதினால் பெரும்பாலும் 60,000 யூனிட் சாஷேயோ கேப்ஸ்யூலோ, வாரம் ஒன்றாகச் சில வாரம் இருக்கும். வாரம் ஒன்று என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அதைத் தினம் ஒன்றாக இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. வைட்டமின்தானே, கூடினால் என்ன என்று கேட்டார் அவர் மகன். பி12 கூடினால் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் தங்கும், போகாது. மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி கொழுப்புள்ள மீனில் டி இருக்கிறது. வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு.

நல்ல கொலஸ்ட்ரால் 41, குறைவு. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 172, கூடுதல். நம் ஊர்க்காரர்களிடம் நாங்கள் தினமும் பார்க்கும் ஜோடி. மருந்து வேண்டாம், சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ரத்தசோகை தேறியபின் நடக்க ஆரம்பியுங்கள். இப்போதே நடந்தால் மூச்சுதான் வாங்கும்.

அப்புறம் அந்த 2,499 ரூபாய்ப் பேக்கேஜ். வேண்டாம். ஹார்மோன்களுக்கு நாளும் நேரமும் உண்டு. சினைப்பையை இயக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பார்ப்பார்கள். புரோஜெஸ்டிரோனை அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பார்ப்பார்கள். கார்ட்டிசோல் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், ராத்திரி அடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில், லேப் பையன் எப்போது வருகிறானோ அப்போது எடுத்தால் மறுபடியும் சிவப்புதான் வரும், அதற்கு இன்னொரு பேக்கேஜ் சொல்வார்கள். உங்கள் வயதில் எஃப்.எஸ்.எச். மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வேறு. அந்தப் பணத்தில் பொட்டாசியம், சர்க்கரை, இரண்டு மாதம் கழித்துத் தைராய்டு எல்லாம் எடுத்தும் மிச்சம் இருக்கும். அரசு மருத்துவமனையில் எடுத்தால் அந்தச் செலவும் இல்லை.

போன் பண்ணுகிறவரிடம் கோபப்படாதீர்கள், அவருக்கு மாதத்துக்கு இத்தனை என்று டார்கெட் இருக்கும். உங்கள் கடையிலும் ஆடித் தள்ளுபடிக்கு இருக்குமே.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கும் இப்படி, உங்களுக்கும் இப்படி என்றால், மகளுக்கு எப்படி? அவளிடம் கேளுங்கள். சின்ன வயதில் ஆரம்பித்த நாளிலிருந்தே அதிகம் போகிறதா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகிறதா, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? குடும்பத்தில் பெண்களுக்கு இப்படித் தொடர்ந்து வந்தால், ரத்தம் உறைவதில் 'வான் வில்லிபிராண்ட்' என்கிற பரம்பரைக் குறை சிலருக்கு இருக்கும். ஆர்.எஸ்.ஆர்.எம். போகிற அன்று இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போய் ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்டும் ஃபெர்ரிடினும் மட்டும் பார்த்துவிடுங்கள்.